பஸ் ஏறாமல் நின்ற ஸ்பானியர்கள்

“ஏன் புள்ள, ஒங்கட ஊட்டுல இங்கிலீஷே யாருக்கும் வராது. நீங்க ஒரேயடியா ஸ்பானிஷுக்குப் பாயப் பாக்கிறீங்க. நடுவுல படியில்லாத ஏணியில எப்பிடி ஏறுவீங்க?”

நிஸாம் நானா இப்படிக் கேட்டபோது நான் கறுவாப்பட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சத்தமாக அடுக்கினேன், அவ்வளவுதான்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் பாதையில் ஒரு ஸ்பைஸ் கார்டன். அங்கேதான் எனக்கு வேலை — கடைக் கவுண்டரில். எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான நிஸாம் நானா அங்கே மூத்த கைட். மிளகுக் கொடிக்கும் சாதிக்காய் மரத்துக்கும் நடுவே வெள்ளைக்காரர்களை நடத்திக்கொண்டு போய், கடைசியில் என் கவுண்டரில் கொண்டு வந்து சேர்ப்பவர்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை ஏதாவது ஒரு சாக்கில் உங்களுக்குச் சொல்லாமல் ஒரு வாரமும் விட்டதில்லை. இந்த வாரத்துப் பங்கு முடிந்தது. மேலே போவோம்.

எங்கள் தோட்டத்து கைட்மார் எப்படி வேலை பழகுவார்கள் தெரியுமா? பாடமாக்குவார்கள். மூத்தவர் பேசுவதை இளையவர் அப்படியே வாங்கிக்கொள்வார். எந்த மரத்தடியில் எந்த வசனம், எந்த இடத்தில் ஜோக், ஜோக்குக்குப் பிறகு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்... எல்லாம் சேர்த்துத்தான் பாடம். நிஸாம் நானா இப்படியே ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றிலும் பொளந்து கட்டுவார். அவருக்கு பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சில் கறுவா தெரியும்.

நானும் நம் பள்ளிக்கூடங்களின் வளர்ப்புதானே? பாடமாக்குவது எனக்கும் கைவந்த கலை. போனில் ஆரம்ப நிலை ஸ்பானிஷை முடித்த கையோடு, தோட்டத்துப் பேச்சு முழுவதையும் ஸ்பானிஷில் போட்டு, ஜோக் உட்பட உருப்போட்டேன்.

முதலில் வந்து மாட்டியவர்கள் ஒரு கணவன், மனைவி. சாதிக்காய் மரம் வரைக்கும் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். ஒரு கேள்வி கேட்டார். என்ன கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வசனம் அறுந்துவிட்டது. அறுந்த இடத்தைத் தேடினேன்... கிடைக்கவில்லை. வேறு வழி? அதே சாதிக்காய் மரத்தடியில் நின்று, “எங்கள் தோட்டத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன்” என்று முதலிலிருந்து தொடங்கினேன். பாவம், இரண்டாவது தடவையும் அதே ஜோக்குக்குச் சிரித்தார்கள்.

மெனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. “ஸ்பெயின் குரூப் கூடிக்கிட்டே வருது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற ஆள்தான் எனக்கு வேணும். ஒங்களால முடிஞ்சா நீங்க கைட். இல்லன்னா கொழும்புல இருந்து ஒரு ஆளப் போடுவேன்” என்றார்.

கவுண்டரா, தோட்டமா? எங்கள் தோட்டத்தில் பெண் கைட் இதுவரை ஒருவரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘முதல் ஆள்’ என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இடைநிலை ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். ஒன்லைனில்தான். ஆசிரியர் பெயர் மார்த்தா, இருப்பது பெரு நாட்டில். எனக்கு விடியற்காலை என்றால் அவருக்கு முந்தின நாள் மாலை. நேற்றில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நான் இறந்தகாலம் படித்தேன். யட்டவத்தைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பின்பக்கத்துப் படி. அம்மா சட்டி கழுவும் இடமும் அதுதான். வேலைக்குப் போகும் அவசரத்தில் அவர் உருட்டும் சட்டிகளைக் கேட்டுக் கேட்டு, எங்கள் வீட்டில் யாரோ மேளம் பழகுகிறார்கள் என்று மார்த்தா நினைத்திருக்கிறார்.

ஆரம்பம் அமர்க்களம். ஸ்பானிஷில் ‘நான் விரும்புகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘எனக்குப் பிடிக்கும்’ என்றுதான் சொல்கிறார்கள். அச்சு அசல் நம்மைப் போலவே. இங்கிலீஷ்காரர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள், நீ எப்படி உடனே பிடித்தாய் என்று மார்த்தா ஆச்சரியப்பட்டார். என் தலை அன்றைக்கு லயத்துக் கூரையில் இடித்தது.

அடுத்த நிமிஷமே அம்மா அதை இறக்கி வைத்தார். மார்த்தா பழைய சொற்களைத் திருப்பிக்கொண்டிருந்தார் — மெசா, பான், சபாத்தோ. சட்டிச் சத்தம் நின்றது.

“என்னாடி இது? மேச, பாணு, சப்பாத்துன்னு நம்ம சாமான்களத்தான சொல்றாங்க. இதுக்கா விடிய முன்ன எந்திரிக்கிற?”

நம் மேசை, ரொட்டிக்குச் சொல்லும் பாண், காலணிக்குச் சொல்லும் சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், ஸ்பானிஷுக்கு அவை ஒன்றுவிட்ட சொந்தம் என்று விளக்கினேன். “அப்ப எனக்கும் தெரியும்னு சொல்லு” என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டில் ஸ்பானிஷ் தெரிந்த முதல் ஆள் யார் என்பது அன்றிலிருந்து தகராறில் இருக்கிறது.

பிறகுதான் இலக்கணம் தன் சுயரூபத்தைக் காட்டியது. ஸ்பானிஷில் கடந்ததைச் சொல்ல முக்கியமாக இரண்டு வழி. ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு ஒன்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. சின்ன வயதைப் பற்றிப் பேசச் சொன்னார் மார்த்தா. பெருமையான விஷயம் அல்லவா? மூச்சு விடாமல் பேசினேன். எல்லாவற்றையும் ஒரு தடவைக் கணக்கிலேயே பேசிவிட்டேன்.

“உங்கள் அப்பா ஒரே ஒரு முறைதான் குளித்தாரா?” என்று மார்த்தா மெதுவாகக் கேட்டார். பிறகு, இன்னும் மெதுவாக, “நீங்கள் பள்ளிக்கூடம் போனதும் ஒரே ஒரு நாள்தானா?”

குடும்பத்திலேயே முதலில் படித்த பெண்... ஒரு நாள் படித்த பெண்.

அதையும் தாண்டி வந்தால் ஆசைக்கும் சந்தேகத்துக்கும் தனி வினை வடிவம் வைத்திருக்கிறார்கள். நடக்க வேண்டும் என்று ஏங்குவது, நடக்குமோ என்று பயப்படுவது, நடக்காது என்று சந்தேகிப்பது — எல்லாவற்றுக்கும் வினைச்சொல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். எனக்கு அது பிடிபடவே இல்லை. ஒரு நாள், நிஸாம் நானாவின் ஏணிப் பேச்சை ஸ்பானிஷில் சொல்லிப் பார்த்தேன். ‘இவள் ஏறுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.’ அந்த ‘ஏறுவாள்’ இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொள்ளும் என்றார் மார்த்தா. அன்றைக்கு மண்டையில் ஏறியது பாருங்கள், இன்னும் இறங்கவில்லை. பாராட்டில் படிப்பதைவிட எரிச்சலில் படிப்பது நன்றாக நிற்கிறது.

போன மாதம் அந்த நாள் வந்தது. ஒரு பஸ் நிறைய ஸ்பானியர்கள். அவர்களோடு வரும் மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல், கண்டியிலேயே தங்கிவிட்டார். மெனேஜர் கவுண்டரைப் பார்த்தார். “போங்க. இதுல தெரிஞ்சிரும்” என்றார்.

“புள்ள, ஏணி கவனம்” என்றார் நிஸாம் நானா.

போனேன். சொன்னால் நம்புவீர்களா? கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். கறுவாவை எந்த மாதத்தில் உரிப்பீர்கள், மிளகு ஏன் கறுப்பாகிறது... வசனம் அறுந்த இடத்தில் புது வசனம் முடிந்துகொண்டு நடந்தேன். பிலார் என்று ஒரு வயதான அம்மா, தொப்பியும் கைத்தடியுமாக என் பக்கத்திலேயே வந்தார். “என் மகளும் வந்திருந்தால் அவளை எதை வாங்கச் சொல்லியிருப்பீர்கள்?” என்று கேட்டார். “கராம்பு எண்ணெய் வாங்கச் சொல்லியிருப்பேன்” என்றேன். வேறு சட்டை போட்ட அந்த வினைச்சொல் என் வாயிலிருந்து கைகால் சேதமில்லாமல் வெளியே வந்ததை நானே நின்று பார்த்தேன்.

கடையிலும் வாங்கினார்கள். வாசலில் பஸ் நின்றது. இனி விடைகொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பாடமாக்கிய பேச்சில் அதற்கும் ஒரு வசனம் உண்டு — ‘நன்றி, உங்கள் பயணம் இனிதாகட்டும்.’ ஆனால் அன்றைக்கு நான் பாடத்துக்கு அடங்குகிற நிலைமையில் இல்லை. இவ்வளவும் சொந்தமாகப் பேசிவிட்டு, கடைசியில் கடன் வாங்கிய வசனமா? மனசிலிருந்து சொல்லுவோம் என்று முடிவு செய்தேன்.

நம் மனசிலிருந்து என்ன வரும்? வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் யாராவது ‘போறேன்’ என்று சொல்லியிருக்கிறோமா? சொன்னால் அம்மா வாயிலேயே போடமாட்டாரா? அதிலும், ஸ்பானிஷில் ‘நான் போகிறேன்’ என்பதற்குச் சொல்லே கிட்டத்தட்ட ‘போய்’தான். சத்தியமாக. கடவுளே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

கை கூப்பி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, “போய் இ புவெல்போ” என்றேன். போய்விட்டு வருகிறேன்.

எல்லோரும் புன்னகையோடு தலையசைத்தார்கள். நான் கம்பீரமாக உள்ளே போனேன்.

உள்ளே போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். ‘ஜெயித்துவிட்டேன்’ என்று மார்த்தாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஸ்பானியர்கள் பஸ்ஸில் ஏறாமல் வெயிலில் நிற்கிறார்கள். நம்மைப் பிரிய மனமில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கையசைத்தேன். அவர்களும் அசைத்தார்கள். தேநீரைக் குடித்தேன். இன்னும் நின்றார்கள். இன்னொரு தடவை அசைத்தேன். பிலார் அம்மா கைத்தடியைத் தூக்கி அசைத்தார்.

பஸ் ஹோர்ன் அடித்தது. நிஸாம் நானா கதவில் தலையை நீட்டினார்.

“புள்ள, அந்த ஆக்களுக்கு என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“ஏன் நானா?”

“நீங்க வாற வரைக்கும் ஏற மாட்டாங்களாம். டிரைவர் தலையில கைய வெச்சிட்டு நிக்கிறான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்றால் இதோ வருகிறேன், இங்கேயே நில்லுங்கள் என்று அர்த்தம். சொன்னவள் வர வேண்டும். அந்த மனிதர்கள் என் வாக்கை நம்பி, அந்த உச்சி வெயிலில்...

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். மெனேஜர் ஏற்கெனவே அங்கே நின்றார். தம்புள்ளை குகைக் கோயிலுக்கு நேரமாகிறது என்று டிரைவர் அவரிடம் சிங்களத்தில் பொரிந்துகொண்டிருந்தார்.

இனி என்ன செய்வது? இதற்கு எந்த கைட்டிடமும் பாடம் இல்லை. வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டார்கள், செத்தவர்கள்தான் போகிறவர்கள், உயிரோடு இருப்பவர்கள் போய்விட்டு வருகிறவர்கள், அதனால் நாளைக்கு வந்தாலும் பத்து வருஷம் கழித்து வந்தாலும் வராமலே போனாலும் இப்படித்தான் சொல்லுவோம்... இதை ஸ்பானிஷில் சொல்லிப் பாருங்கள். இரண்டு இறந்தகாலங்களும் முட்டிக்கொண்டன. ஆசைக்குரிய சட்டையைச் செத்தவர்களுக்குப் போட்டுவிட்டேன். வேர்த்துக் கொட்டியது.

பிறகு பிலார் அம்மா கேட்டார்: “அப்படியென்றால் நீங்கள் இப்போது வந்தது தவறுதலாகவா?”

“ஆமாம்” என்றேன். “தவறுதலாக வந்துவிட்டேன்.”

கூட்டமே குலுங்கிச் சிரித்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தராத ஜோக் அது. பிலார் அம்மா என் கையைப் பிடித்து, “போய் இ புவெல்போ” என்றார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக அதையே சொல்லிவிட்டு ஏறினார்கள்.

மெனேஜர் இளகினாரா? அதுதான் இல்லை. “கேள்விக்கெல்லாம் பதில் சொன்னீங்க, சரி. கேக்காததுக்கு யார் சொல்லச் சொன்னது? லைசன்ஸ் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் கவுண்டர்” என்றார்.

கவுண்டருக்கு வந்தேன். கறுவாப்பட்டையை அடுக்கினேன். மறுநாள் காலை நிஸாம் நானா வந்து, யாரும் இல்லையே என்று அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“புள்ள, அந்தக் கடைசிக் கதைய எனக்கும் சொல்லிக் குடுங்களேன். செத்த ஆக்கள், உசிரோட உள்ள ஆக்கள்னு பொறகு மெனேஜர்ட்ட தமிழ்ல வெளக்கினீங்களே. பிரெஞ்சுலயும் போடலாம்.”

“சொல்லித் தாறேன் நானா.”

“எந்த இடத்துல சிரிப்பாங்க?”

அன்றைக்கு ஒன்று புரிந்தது. பாடமாக்கிய வசனம் தப்பாகாது. ஆனால் அதை நம்பி யாரும் வெயிலில் நின்றதுமில்லை. நம்முடைய சொந்த வாக்கியம் நொண்டும், தடுக்கும், நம்மைச் செருப்பில்லாமல் ஓட விடும். இருந்தாலும், அதற்குத்தான் ஆட்கள் காத்து நிற்கிறார்கள்.

இந்தப் பத்தியைக் கொழும்பு பஸ்ஸில் இருந்துகொண்டு போனில் எழுதுகிறேன். குருநாகல் தாண்டிவிட்டது. கைட் லைசன்ஸுக்கான ஸ்பானிஷ் நேர்முகத் தேர்வு இன்றைக்கு.

விடியும் முன்னே கிளம்பியபோது, “போயிட்டு வர்றேன்மா” என்றேன். பழைய ஞாபகத்தில், “அதுக்காக வாசல்லயே நிக்காத” என்றும் சொன்னேன்.

“வர்றேன்னு சொன்னா நிக்கத்தாண்டி செய்வாங்க” என்றார் அம்மா.