பையிலிருந்த மரமுகம்

வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. ஆபிரிக்காவில் வேலை செய்த நண்பன் தந்த டான் இனத்து முகமூடி என் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. கறுத்த மரம், கீறல் போன்ற கண்கள். கடைக்காரப் பெண் தேநீரை ஆற்றுவதை நிறுத்துகிறார்.

"என்னண்ணை உது? அங்கால திருப்பி வையுங்கோ."

திருப்பி வைக்கிறேன். டான் ஊர்களில் சண்டை வந்தால் இப்படியொரு முகமூடிதான் வந்து தீர்ப்புச் சொல்லும், உள்ளே இருப்பது யாரென்று தெரிந்தாலும் பெயரைச் சொல்லக்கூடாது என்கிறேன்.

"இஞ்சயும் வந்தது. சண்டைக் காலத்தில ஆமிக்காரர் ஊரைச் சுத்திவளைச்சு, சனத்தை வரிசையில விடுவாங்கள். சாக்கால முகத்தை மூடினவன் ஆரைப் பாத்துத் தலையாட்டுறானோ, அந்த ஆளைக் கொண்டுபோயிடுவாங்கள். என்ர தம்பியையும் அப்பிடித்தான்."

"தலையாட்டினது ஆரெண்டு தெரியுமோ?"

"முகம் தெரியாது. காலைப் பாத்தனான்." குரலைத் தாழ்த்துகிறார். "இண்டைக்கும் கடைக்கு வாற ஆக்களின்ர காலைத்தான் முதல்ல பாப்பன்."

குனிந்து, வாங்குப் பலகையில் இருப்பவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். நிமிரும்போது அவர் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.