பறக்கும் அணில் போர்டுக்கு வந்த ஆபத்து

ஊர் ஊராகப் போகிற வனவிலங்குக் கண்காட்சி வண்டியில் விளக்கம் சொல்கிற வேலை எனக்கு. நின்ற இடத்தில் ஜனங்களிடம் வாய் வலிக்கப் பேசிப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் என் வயிற்றெரிச்சல் புரியும்.

புலி, யானை போர்டுகளோடு ஒரு சின்னப் பறக்கும் அணிலுக்கும் எங்களிடம் போர்டு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பிராணி. பறக்காது, கைகால் நடுவில் உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும். ரொம்ப காலம் கண்ணில் படாமல், அழிந்தே போச்சு என்று நினைத்த பிறகு மறுபடி தென்பட்டதாம். இப்போது 'அழியும் ஆபத்தை நெருங்கும் இனம்' என்ற வகையில் இருக்கிறது.

எங்கள் மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம பக்கம் இல்லாத அணிலுக்கு எதுக்கும்மா இடம்? மாமல்லபுரத்துக்கு நான் வருவேன். அங்க யாரும் நின்னு பார்க்கலன்னா கழட்டிட்டு ஆமை வெச்சிடலாம்" என்றார். ஆமை மேல் எனக்கென்ன விரோதம்? ஆனால் அந்த அணிலின் பெரிய கண்ணை வரைந்தது நான். விட மனசு வரவில்லை.

படூர் அபார்ட்மென்ட்

ஒரு அம்மா அணில் போர்டு முன்னால் நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில், "இது பால்கனிக்கு வருமா?" என்றார். மலைக்காட்டை விட்டு வராது என்றேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! புறாவுக்கே இப்பதான் வலை அடிச்சோம். இதுக்குத் தனியா அடிக்கணுமோன்னு பயந்துட்டேன்."

செய்யூர்

மரங்கள் நெருக்கமாக இருந்தால்தான் இதனால் தாவ முடியும், நடுவில் வெட்டினால் போச்சு என்றேன். சவுக்குத்தோப்பு வைத்திருக்கிற ஒருவர், "எங்க தோப்பு நெருக்கமாத்தான் கீது, கொண்ணாந்து வுடுங்க" என்றார், தாராளமாக.

"நாலஞ்சு வருஷத்துல வெட்டிடுவீங்களே, அப்ப அது எங்க போகும்?" என்று மடக்கினேன். மனுஷர் நிஜமாகவே யோசித்தார்.

"வெட்றதுக்கு மின்னாடி சொல்லி அனுப்பிட்றோம் மேடம்."

மறைமலைநகர் கேன்டீன்

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு தம்பி, "அழிஞ்சிடுச்சா, இல்லியா? ஒண்ணு சொல்லுக்கா" என்றார். அழியவில்லை, ஆனால் பத்திரமாகவும் இல்லை என்றேன். அடுத்த நிமிஷம் போர்டைச் சுற்றிக் கூட்டம். அதைப் பார்க்க மேனேஜர் அங்கே இருந்தால்தானே! எல்லாம் என் நேரம். அந்தத் தம்பி தன் கூட்டாளியைக் கத்திக் கூப்பிட்டதுதான் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம்.

"மச்சான், இங்க வாடா! பர்மனென்ட்டும் பண்ணல, வூட்டுக்கும் அனுப்பல. இந்த அணிலும் நம்மள மாதிரி காண்ட்ராக்ட்லதான் கீது!"

மாமல்லபுரம்

ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைக்கு வந்தவர்கள் எல்லோரும் புலியோடு செல்ஃபி எடுத்தார்கள். அணில் பக்கம் ஈ காக்கை இல்லை. மேனேஜர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஆமை போர்டு ரெடியாகச் சாய்ந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேல் ஸ்க்ரூ கழன்றபோது, "தோ, நான் சொன்னேன்ல, இதான் நம்ம அணிலு!" என்று ஒரு குரல். அதே மறைமலைநகர்த் தம்பி, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் கையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. "இன்னா சார், காண்ட்ராக்ட்டுன்னு இதையும் தூக்கிட்டீங்களா?"

மேனேஜர் கழற்றின ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சரி, இருக்கட்டும். ஆனா நிரந்தரம்னு நினைச்சிக்காதம்மா. மாசா மாசம் பார்த்துதான்."

ஆக, அணிலும், அதன் போர்டும், அந்தத் தம்பியும், மாசா மாசம் நீட்டித்துத் தருகிற வேலையில் இருக்கிற நானும், இன்றைய தேதிக்கு இருக்கிறோம்.