கூரைக்குள் ஒரு பின்ஜன்னல்

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத் தனி அறை வேண்டும் என்று மகள் கேட்டாள். கண்டியில், மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீட்டைப் பக்கவாட்டில் ஓர் அடிகூட நீட்ட முடியாது. கூரைக்கடியில் சும்மா கிடக்கும் இடத்தைத்தான் அறையாக்க வேண்டும். அப்பா காலத்து வீடு அது.

தச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி பாஸ் மூன்று வழி சொன்னார். பலகை அடித்துக் கண்ணாடி ஓடு போட்டால் ஒரு வாரத்தில் முடியும்; ஜன்னல் கிடையாது. தெருப்பக்கம் கூரையை வெட்டி ஜன்னல் வைத்தால் ஏரி தெரியும். பின்பக்கக் கூரையை உயர்த்தினால் ஆள் இறங்குமளவு ஜன்னல் வைக்கலாம். தெரிவது பக்கத்து வீட்டு மொட்டைமாடிதான்.

"ஏரியை விட்டுட்டு யாராவது அடுத்த வீட்டுல துணி காயுறதைப் பார்ப்பாங்களா?" என்று கணவர் சிரித்தார்.

"பின்பக்கந்தான் வேணும்" என்றேன். அன்றுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் எனக்குப் பத்து வயது. தமிழர் வீடுகளைத் தேடிக் கொளுத்துகிறார்கள் என்று செய்தி வந்த பகலில், அப்பா அம்மாவையும் தம்பியையும் என்னையும் இதே கூரைக்குள் ஏற்றி, தானும் ஏறி, ஏணியை மேலே இழுத்துக்கொண்டார். ஏறி இறங்க ஒரே துளை. தீ வைத்தால் உள்ளேயே வெந்து சாக வேண்டியதுதான். நான் பலகை இடுக்கால் கீழே பார்த்தேன். உயிரே போய்விட்டது. துளைக்கு நேர் கீழே நாலு சோடிச் செருப்பு, வரிசையாக! மேலே சாமி விளக்குகளை எடுத்து வைத்திருந்ததால் யாரும் செருப்போடு ஏற மாட்டோம். உயிருக்குப் பயந்து ஓடும்போதும் கழற்றி அடுக்கிவைத்துவிட்டு ஏறிய புத்திசாலிகள் நாங்கள்.

ஏணியை இறக்க நேரமில்லை. தெருவில் கூச்சல் கேட்டுவிட்டது. அப்போது பின்கதவால் பக்கத்து முஸ்லிம் வீட்டு உம்மா வந்தார். செருப்புகளைப் பார்த்தார், மேலே பார்த்தார். ஒன்றும் பேசாமல் எட்டையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். சற்று நேரத்தில் முன்கதவு உடைந்தது. வந்தவர்கள் அலுமாரியைப் புரட்டி, கதிரை மேசைகளை நொறுக்கினார்கள். தம்பியின் வாயை அம்மா பொத்தியிருந்தார். வீட்டில் ஆளில்லை என்று நினைத்து, தீ வைக்காமலே போய்விட்டார்கள்.

சொல்லி முடித்ததும் கணவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பாஸிடம், "பின்பக்கமே உயர்த்துங்க" என்றார்.

உம்மா இப்போது இல்லை. மொட்டைமாடிக்கு இவ்வளவு கிட்டத்தில் ஜன்னல் வைக்கிறோமே என்று அவருடைய மகனிடம் கேட்கப் போனேன். "தாராளமா வைங்க. எங்க மாடிக் கதவை நாங்க பூட்டுறதில்ல" என்றார். ஏன் வைக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை.

வேலை முடிந்து மகள் முதல்நாள் மேலே படிக்கப் போனாள். ஏதோ வேலையாகப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். புதுப் படிக்கட்டின் அடியில் அவள் செருப்பு, ஒழுங்காக. கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

"அம்மா, செருப்பை ஏன் கொண்டு வர்றீங்க? சாமி விளக்கு இருக்கு!"

"சாமி ஒண்ணும் சொல்லாது. நீ படி."

செருப்பை ஜன்னலடியில் வைத்தேன், முனை மொட்டைமாடியைப் பார்த்திருக்க.