காம்பிங்கில் தட்டிய கை

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால், எந்தத் திகதி, எத்தனை மணி, கூட யார் இருந்தது என்று கேட்டு அந்தக் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறவன் நான். இதற்காகவே சொந்தக்காரர்கள் என்னைப் பொலிஸ்காரன் என்று பகிடி பண்ணுவார்கள். இப்போது நானே ஒரு கதை சொல்லப் போகிறேன், நீங்களும் அதே கேள்விகளைக் கேட்பீர்கள், கேளுங்கள். போன செப்டெம்பர், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டுக்குச் சற்று முன். கூட இருந்தது என் மனைவி மனோ. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நாங்கள் சுவிஸில், பாடன் நகரில் இருக்கிறோம். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுக்கு வந்த கையோடு, உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய காம்பர்வான் ஒன்று வாங்கினேன். "அகதி முகாமிலை படுத்தது காணாதெண்டு இப்ப காசு குடுத்துக் காம்பிலை படுக்கப் போறார்" என்று சிரித்தவர்களே பிறகு தொலைபேசி எடுத்து, வாகனத்தை விட்டுத் தங்குகிற இடங்களில் எந்தக் காம்பிங் நல்லது அண்ணை என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் சொல்வது இதுதான். இணையத்தில் ஆட்கள் போடும் நட்சத்திரங்களை நம்பாதீர்கள். ஊராட்சிகள் நடத்தும் சிறிய இடங்களைத் தேடுங்கள், அவை மலிவு, கழிப்பறை சுத்தம், சத்தம் குறைவு. மத்தியான ஓய்வுக்கு வாசல் தடுப்பைப் போட்டுவிடுவார்கள், அதன் பிறகு இரண்டு மணிவரை எஞ்சின் சத்தம் கேட்கக்கூடாது, ஆகவே பன்னிரண்டுக்கு முன் போய்ச் சேருங்கள். மழை பெய்திருந்தால் இறங்கி நடந்து நிலத்தைப் பார்த்த பிறகே வாகனத்தை விடுங்கள். இந்தக் கடைசிப் புத்திமதியை அன்று நானே கடைப்பிடிக்கவில்லை.

அந்தப் பயணம் பொழுதுபோக்குக்காகப் போனதல்ல. மனோவின் தம்பி ரூபன் வன்னியில் மினிபஸ் கொண்டக்டராக இருந்தவன், போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனான். கண்டவர் இல்லை, புதைத்தவர் இல்லை. எல்லாவற்றுக்கும் திகதி குறித்து வைக்கிற என்னிடம் அவனுக்கு மட்டும் ஒரு திகதி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனோவின் அண்ணர், தனக்கும் வயது போகிறது, இந்தப் புரட்டாதி அமாவாசையில் கீரிமலைக் கடற்கரையில், செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுவோம், நீ ஓம் என்று சொல்லு என்று வாரக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனோ சொல்லவில்லை. "உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளுத்தண்ணி இறைச்சால் அந்தப் பாவத்தை ஆரிட்டைக் கொண்டுபோய்ச் சொல்லுறது?" என்பாள். அவளுடைய நித்திரை போய்விட்டது. கொஞ்ச நாள் மலைப்பக்கம் போய் வருவோம் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

இன்டர்லாக்கனைத் தாண்டி, ஒரு பள்ளத்தாக்கின் முடிவில், ஆற்றோரமாக இருக்கிறது அந்தக் காம்பிங். இரவு முழுக்க மழை. நாங்கள் போய்ச் சேரும்போது மேகம் நிலம்வரை இறங்கியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் கடைசி இடத்தைத் தந்து, கெதியாக விடுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓய்வு நேரம் என்றாள். வழக்கமாக மனோ இறங்கிப் பின்னால் நின்று கைகாட்டுவாள். அன்று முழங்கால் வீங்கியிருந்தது. பின்பக்கக் கமராவைச் சேறு மூடியிருந்தது. "நீர் இரும், நான் பாத்து எடுக்கிறன்" என்று சொல்லி ரிவேர்சில் போட்டேன். கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அப்போது வாகனத்தின் பின்பக்கத்தில் ஒரு கை அடித்தது. விரித்த உள்ளங்கையால், தகரம் அதிர, எங்கள் ஊர் மினிபஸ்களில் கொண்டக்டர் நிறுத்தச் சொல்லி அடிப்பானே, அப்படி. கூடவே, போதும் என்கிற ஒரு குரல்.

"காணும் அத்தான்!"

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

மனோ என்னைப் பார்த்தாள். "ஆர் தட்டினது?"

"உமக்கும் கேட்டதோ?"

"தட்டினது கேட்டது."

இறங்கிப் போனேன். பின்னால் ஒருவரும் இல்லை. பின்சக்கரத்துக்கு அப்பால் புல் இருந்தது, புல்லுக்குக் கீழே மண் இல்லை. இரவு பெருகிய ஆறு கரையை உள்ளே குடைந்து கொண்டு போயிருந்தது, கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் பின்னுக்கு எடுத்திருந்தால் நாங்கள் இருவரும் அதற்குள். நான் வாகனத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சேறு ஒரே சீராகப் படிந்திருந்தது, ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை. வரவேற்புப் பெண் ஓடிவந்து கரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள், வேறு இடம் தந்தாள், அங்கே தமிழர் யாரும் தங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன், இந்தக் கிழமை நீங்கள் மட்டும்தான் என்றாள்.

தேத்தண்ணி வைத்துக் குடித்த பிறகுதான் மனோவுக்கு அந்தக் குரலைப் பற்றிச் சொன்னேன். என்னை அத்தான் என்று கூப்பிட உலகத்தில் ஒருவனுக்குத்தான் முறை இருந்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, நீங்கள் நம்பமாட்டீர்கள், சிரித்தாள்.

"நாங்கள் ஒரு விசாவுக்கு எத்தினை வருசம் அலைஞ்சம். இவன் பாருங்கோவன், சும்மா வந்திட்டான்."

"குளிருக்கு ஜக்கெற்றும் இல்லாமல்" என்றேன். அதற்கும் சிரித்து, சிரிப்பு அப்படியே அழுகையாக மாறி, என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள். அவ்வளவு ஆண்டுகளில் தம்பிக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அன்று பின்னேரமே அண்ணருக்குத் தொலைபேசி எடுத்தாள். "செய்யுங்கோ அண்ணை. உயிரோடை இருக்கிறவன் சுவிஸ் மலையிலை வந்து எங்கடை வானைத் தட்டுவானே? போறதுக்கு முன்னம் என்னைப் பாத்திட்டுப் போக வந்திருக்கிறான். அவனை மறிச்சு வைச்சிருந்தது நான்தான்." அன்றிரவு ஆற்றின் இரைச்சலுக்குள்ளும் குழந்தை மாதிரி நித்திரை கொண்டாள்.

அமாவாசையன்று கீரிமலையில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அன்று பின்னேரம் அண்ணரின் மகன் ஒரு பழைய காணொளியை அனுப்பியிருந்தான், சமாதான காலத்தில் வன்னியில் நடந்த யாரோ ஒருவரின் கலியாணம், அதில் ரூபன் பந்தியில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிறான். ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வளர்ந்த பிறகு ரூபனின் குரலை நான் கேட்டதில்லை. நான் நாட்டை விட்டு வரும்போது அவன் அரைக்காற்சட்டைப் பையன், வன்னியிலிருந்து எப்போதாவது வந்த அழைப்புகளில் அக்காவும் தம்பியும் கதைக்கவே நேரம் போதாது, என் முறை வந்ததே இல்லை.

மனோ குசினியில் வைத்துக் காணொளியைப் போட்டாள். மெல்லிய, துள்ளுகிற, இருபத்தைந்து வயதுக் குரல். நான் கேட்டது அது இல்லை. காம்பிங்கில் நான் கேட்டது தடித்து, கொஞ்சம் கரகரத்து, மூச்சு வாங்கிய குரல், ஐம்பதை நெருங்கும் ஒருவனுடைய குரல். இன்று எங்கேயாவது உயிரோடு இருந்தால் ரூபனுக்கு அந்த வயதுதான்.

"இஞ்சாருங்கோ, ஓடியாங்கோ" என்றாள் மனோ, கன்னம் நனைந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு. "இந்தக் குரல்தானே? நீங்கள் கேட்டது இதுதானே?"

ஓம் என்றேன்.