அத்தா அனுப்பாமல் வைத்த மெயில்

எங்கள் தோல் மண்டிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகச் சாஃப்ட்வேர் போட்டார். பழைய மெயில்களை மட்டும் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தார்.

"இத உள்ள ஏத்துனா அம்புட்டும் வந்துரும்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று வருடம் முன்பு இறந்துபோன என் தகப்பனாரின், எங்கள் அத்தாவின், மெயில்கள் அவை. எனக்கு எல்லாமே போனில்தான்; அந்தக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்ததே இல்லை. பழைய வியாபாரி ஒருவர் முன்பு வாங்கிய தோலின் தர விவரத்தைக் கேட்டதால்தான் பழைய மெயில்களைத் தேடி இந்த வேலையில் இறங்கினேன்.

அத்தாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெட்டைத் துண்டித்து வைத்துவிட்டு வாரம் முழுக்க மெயில்களை எழுதிச் சேர்ப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, நெட்டைப் போட்டு மொத்தமாக அனுப்புவார். டெலிபோன் வழியாக நெட் வந்த காலத்துப் பழக்கம் அது. "மெயிலுக்கும் வாரச்சந்தையா அத்தா?" என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். சிரிப்பாரே தவிர மாற்றிக்கொள்ள மாட்டார்.

டிஸ்க்கைச் செருகி, ஆபீஸ் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். பழைய மெயில்கள் மளமளவென்று இறங்கின. பிறகு திரையின் ஓரத்தில் ஒரு வரி ஓடியது: மூன்றில் ஒன்று அனுப்பப்படுகிறது.

நான் எதையும் எழுதவில்லை. மண்டியில் என்னைத் தவிர ஆள் இல்லை. மூன்றில் இரண்டு என்றது. நெட் ஒயரைப் பிடுங்கினேன், ஆனால் அதற்குள் மூன்றும் போயிருந்தன.

அனுப்பியவர் என்ற இடத்தில் அத்தாவின் பெயர் இருந்தது. அனுப்பிய தேதி, நான் டிஸ்க்கைச் செருகிய அதே நாள். முதல் இரண்டும் வியாபாரிகளுக்கு. மூன்றாவது, அத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்ட என் அண்ணனுக்கு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டியிருந்தார். "கோவமெல்லாம் போயிருச்சுப்பா. ஞாயித்துக்கிழமை வா. உன்னப் பாக்கணும்."

அந்த மெயிலைப் பற்றி எனக்குத் தெரியும். அத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஒரு வியாழக்கிழமை. "அண்ணனுக்கு வரச் சொல்லி எழுதிட்டேன்" என்றார். அது போய்விட்டது என்றே நானும் நினைத்தேன். மெயில் அனுப்பும் வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லையே என்று எனக்கும் உறைக்கவில்லை, அரை மயக்கத்தில் இருந்த அவருக்கும் நினைவில்லை. சனிக்கிழமை இரவு மௌத்தானார். அடக்கத்துக்கு வந்த அண்ணனுக்கு நான் ஸலாம்கூடச் சொல்லவில்லை. கூப்பிட்டும் வராதவன் என்று அம்புட்டு ஆத்திரம்.

போன் அடித்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அண்ணன்.

"தம்பி, அத்தாகிட்டருந்து மெயில் வந்துருக்குடா. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுறாரு."

குரல் நடுங்கியது. பேய் பிசாசை நம்பாத மனுஷன் அவர். அன்று அனுப்பாமல் கிடந்த மெயில் இப்போது நெட் கிடைத்ததும் தானாகப் போய்விட்டதைச் சொன்னேன்.

"அப்ப, நான் வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தாரா?"

"ரெண்டு நாளும். கண்ணு முழிச்சா, பதில் வந்துச்சான்னுதான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

அண்ணனிடம் பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வாயில் வரவில்லை.

"அவன் பாத்திருப்பான் அத்தா, அவனுக்கு வரத்தான் மனசில்லைன்னு சொன்னேன்."