புஷ்பாவின் இடது கால் மேஸ்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். எங்கள் வார்டில் பிள்ளைகள் அந்தக் கட்டில் அப்படி, இந்த பாத்ரூம் இப்படி என்று கதை விட்டால், "போய் வேலையப் பாருங்கடி" என்று விரட்டுவேன். நான் நம்புவது நாடி, பிரஷர், கையில் படுகிற சூடு, குளிர், அவ்வளவுதான். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

கண்டியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி, டெங்கு வார்டு. நான் நர்சிங் முடித்து வந்த புதிது, படித்ததெல்லாம் நாக்கு நுனியில் நிற்கும், யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும். புஷ்பா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், கிட்டத்தட்ட என் வயதுதான், ஆனால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை. நானும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் ஒட்டிக்கொண்டாள்.

அன்று காலை அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. முகம் தெளிந்து, கஞ்சி குடித்து, பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்ணோடு கையால் சைகை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பகல் பார்வை நேரத்துக்கு அவள் புருஷன் ரவி வந்தவன் நேராக என்னிடம் வந்தான்.

"மிஸ்ஸி, காய்ச்சல்தான் விட்டுருச்சே, டிக்கட் வெட்டிக் குடுங்க, கூட்டிட்டுப் போயிர்றேன். வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"பாப்பா சாப்பிடவே மாட்டேங்குது மிஸ்ஸி," என்றாள் புஷ்பா கொசுவலைக்குள் இருந்து. "என் கையால ஊட்டுனாத்தான் வாயத் தொறக்கும். இவரு ஊட்டுனா துப்பும்."

"இவ ஒருத்திக்குத்தான் ஊட்டத் தெரியுமாம்," என்றான் அவன்.

விடுவேனா நான்? டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும், ஆள் சிரிப்பார், பேசுவார், கால் மட்டும் மெதுவாகக் குளிரும் என்று இருவருக்கும் விளக்கினேன். "ரெண்டே நாள் இருங்க, நானே உங்கள பஸ் ஏத்தி விடுறேன்," என்றேன்.

புஷ்பா தலையாட்டினாள். "நீங்க நம்ம பக்கத்து ஆளு. நீங்க சொன்னா இருக்கேன் மிஸ்ஸி."

ரவி போகும் முன் ஒரு ஜோடி நீலக் கம்பளி மேஸை, காலுறையை, அவள் காலில் மாட்டினான். மலைக்குப் போகும்போது அட்டை ஏறாமல் இருக்க அவள் போடுகிற மேஸ், முழங்கால் வரை வரும், சவர்க்கார வாசம் அடித்தது. காய்ச்சல் விட்ட உடம்பில் குளிர் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று எங்கள் தோட்டங்களில் எல்லோரும் செய்வதுதான். டெங்குவில் இதைவிட ஆபத்து வேறில்லை, கால் குளிர்வதை மூடி மறைத்துவிடும். திட்ட மனம் வரவில்லை, எனவே ஒவ்வொரு தடவையும் இரண்டையும் கழற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு நானே மாட்டிவிட்டேன். இரண்டையும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்தபோதும் கால் வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தது. கொசுவலையைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வலை செருகியது செருகியபடியே இருந்தது. புஷ்பா கண் மூடிக் கிடந்தாள்.

"எப்படி இருக்கு?"

"சொகமா இருக்கு மிஸ்ஸி. பாப்பாவுக்கு ஊட்டிட்டு வந்துட்டேன்."

பிதற்றல் என்று நினைத்தேன், பிதற்றல் கெட்ட அறிகுறி. வலது கால் மேஸை இழுத்தேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கண்டியில் அன்று ஒரு துளி மழை இல்லை. கால் கல்லாகக் குளிர்ந்து கிடந்தது, விரல் இடுக்கில் செம்மண், கணுக்காலில் இரத்தம் குடித்து உருண்ட ஓர் அட்டை. நம்புங்கள், நம்பாமல் போங்கள், மாடியில் உள்ள வார்டில், வலைக்குள், அட்டை.

கத்தக்கூட நேரமில்லை. நகத்தை அழுத்தினேன், நிறம் திரும்பவில்லை. பிரஷரில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று தொடப் போயிருந்தன. டொக்டருக்குப் போன் அடித்தேன், யாழ்ப்பாணத்துப் பையன், "ஓம், வாறன்" என்றவர் ஓடியே வந்தார். அட்டையைப் பிடுங்கி எறிந்து, "இது எங்காலயப்பா வந்தது?" என்று என்னைப் பார்த்தார், பிறகு கேட்கவில்லை. அட்டைக்கடியில் இரத்தம் சும்மாவே லேசில் நிற்காது, இவளுக்கு நிற்கவே இல்லை. சேலைனை ஓடவிட்டோம், தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளும்போது அவள் இடது கால் வெறுங்காலாக இருந்ததைக் கண்டேன், யாரோ கழற்றியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தோம். ஒன்றும் பிந்தவில்லை, ஒன்றிலும் பிழை விடவில்லை. விடியும் முன் போய்விட்டாள்.

ரவி வந்தபோது நான்தான் சாமான்களைக் கொடுத்தேன், போர்வை, சுடுதண்ணிப் போத்தல், ஒற்றை மேஸ்.

"மத்ததக் காணல," என்றேன். "கட்டிலுக்கடியில, லிஃப்டுல எல்லாம் தேடிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"அது வீட்டுலதான் மிஸ்ஸி இருக்கு. நேத்து நான் போய்ச் சேரும்போது அங்க கொட்டுற மழை, வாசப்படியில நனைஞ்சு கெடந்துச்சு. ஒண்ணத்தான் இங்க போட்டுவிட்டேன் போல, மண்டை சரியில்ல எனக்கு. பாப்பா அதப் புடிச்சுக்கிட்டு யாருக்கும் குடுக்க மாட்டேங்குது." போர்வையை மடித்தான், திரும்ப விரித்து மடித்தான். "நேத்து ராத்திரி சோறும் வேணாம்னுருச்சு. வயிறு நெறைஞ்சிருச்சாம்."

ஒற்றை மேஸை அவன் மடித்த போர்வைக்கு மேல் வைத்தேன்.

அவளை மறித்தது சரிதான். அன்று அனுப்பியிருந்தால் கலஹா பஸ்ஸிலேயே முடிந்திருக்கும், எந்த டொக்டரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். நான் படித்ததெல்லாம் சரியாக இருந்தது, அவளும் செத்துப்போனாள், குழந்தையிடம் ஒற்றை மேஸ் மிஞ்சியது.

மேஸ் எப்படிப் போனது என்று யோசிப்பதைக்கூட விட்டுவிட்டேன். அவள் போனாள் என்றே வையுங்கள். மழையில் லயத்து வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு ஊட்டி, மடியில் வைத்திருந்தவள் ஏன் திரும்பி வந்தாள்? அந்தக் கட்டிலுக்கு, அந்த வலைக்குள்ளே, ஏன்? இருங்கள் என்று நான் சொன்னேன், இருக்கிறேன் என்று அவள் சொன்னாள், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

இப்போதும் தினம் எத்தனையோ பேரின் கால்களைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ச்சல் விட்டவர்களை வீட்டுக்குப் போகாதீர்கள் என்று மறிக்கிறேன், மறிக்கத்தான் வேண்டும். யாராவது தலையாட்டி, "நீங்க சொன்னா இருக்கேன் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டால் மட்டும், என் சப்பாத்துக்குள் இடது கால் நனைகிறது. கழற்றிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும்.