பொன்முடியில் ஹார்ன் நின்றுபோன நேரம்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கிய அன்று என் கையில் இருந்தது ஒரு துணிப்பை. அதற்குள் இன்னொரு வேட்டி. மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. தமிழிலும் மூன்றாம் வகுப்போடு சரி. அப்படி வந்தவன் ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தேன். ஸ்டேஷனில் பெட்டி தூக்கினேன். வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டினேன், பிறகு அந்த ஆட்டோவையே சொந்தமாக்கினேன். ஆட்டோவை வேனாக்கினேன். ஒரு வேனைப் பல வேன்களாக்கினேன். நான் தமிழன் என்பதால், 'பாண்டிக்காரன் வண்டியை இங்கே போடக்கூடாது' என்று ஸ்டாண்டில் வழிமறித்தார்கள். போட்டேன். இன்றைக்கும் அதே இடத்தில்தான் போடுகிறேன். வலியசாலைக்குப் பக்கத்தில் மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினேன். எந்த மனிதனும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

ஆனால் பக்தர்களே, நான் கட்டியது எதுவும் போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் எனக்கு உதவவில்லை. அன்று என் வண்டியில் வந்த ஒரு பெண்ணின் உயிர், நான் சொன்ன ஒரு வார்த்தையால் போகப் பார்த்தது. அதைக் காப்பாற்றியவர் பழவங்காடி கணபதி. எப்படிக் காப்பாற்றினார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்கள் சாமி கும்பிடுவார்கள், கடலைப் பார்ப்பார்கள், அதற்கு மேல் கேட்பது பொன்முடி. காலையில் மலை ஏறி மாலையில் இறங்கிவிடலாம். மேலே புல்வெளியும் காற்றும், திடீரென்று வந்து மூடுகிற பனியும். அந்த மலைக்கு என்னைவிட அதிகம் ஆள் ஏற்றி இறக்கினவன் இந்த ஊரில் இருந்தால் என் முன்னால் வரச் சொல்லுங்கள்.

அன்று வந்தது முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண்கள். ஒரு வேன் நிறைய. கூட்டத்துக்குத் தலைவி மாரியம்மாள். வாய் என்றால் அப்படியொரு வாய். ஸ்டேஷன் வாசலில் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, இது மலை ஏறுமா? இல்ல பாதியில நாங்க எறங்கித் தள்ளணுமா?"

என் டிரைவர் சசி மலையாளி. என்னிடம் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழ் பேசுவான். அவன் சொன்னான்: "சேச்சி தள்ளினா வண்டி பொன்முடியில நிக்காது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலேயே போய் விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெயர் பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். சொந்த ஊரைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவையாம். மற்ற பெண்களின் சேலை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் யாரும் பழவங்காடியில் தேங்காய் உடைக்காமல் சவாரி போவதில்லை. நானும் உடைத்தேன். அந்தப் பெண்களும் ஆளுக்கொன்று வாங்கி உடைத்தார்கள். அதன்பிறகு எல்லோரையும் வேனில் உட்கார வைத்து, நான் முன்னால் நின்று வழக்கமாகச் சொல்லும் பாதுகாப்பு விஷயங்களைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதீர்கள். வளைவில் தலை சுற்றுகிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். புல்லில் அட்டை இருக்கும், கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள், உப்பு என்னிடம் இருக்கிறது. அப்போதுதான் பேச்சியம்மாள் வாய் திறந்தாள்.

"அண்ணாச்சி, நான் வழி தப்பிப் போயிட்டா என்ன செய்யணும்?"

மாரியம்மாள் விடுவாளா? "உன்னைய எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? தூக்கினாலும் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவான்."

நான் பேச்சியம்மாளிடம் சொன்னேன்: "என் வண்டி ஹார்ன் ஒண்ணு இருக்கு தாயி. அது மாதிரி சத்தம் இந்த ஊர்ல வேற எந்த வண்டிக்கும் கிடையாது. எங்க நின்னாலும் அந்தச் சத்தம் கேட்டா, அதைப் பாத்து நடந்து வந்துரு. வேற எதையும் யோசிக்காத." சசியை ஒருமுறை அடித்துக் காட்டச் சொன்னேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "சத்தத்தைப் பாத்து வரணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த ஹார்ன் ஒரு பழைய லாரியில் கிடந்தது. நானே கழற்றி, நானே பொருத்தினேன். ஊருக்குள் அடிக்கக்கூடாது என்று அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். மலையில் அடிப்பதற்குத்தானே வைத்தேன். பனி மூடினால் சுற்றுலா வந்தவர்களைக் கூப்பிட்டுச் சேர்ப்பது எப்போதும் அந்த ஹார்ன்தான்.

மேலே போனபோது வெயில் அடித்தது. பெண்கள் புல்வெளியில் ஓடினார்கள், படம் எடுத்தார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி சரிவில் உருண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பனி வந்தது. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் எதிர்ச் சரிவு காணாமல் போகும். அப்புறம் சாலை. அப்புறம் பக்கத்தில் நிற்கிறவரின் கால். நாங்கள் எல்லோரையும் வண்டிக்குத் திரும்ப அழைத்தோம். மாரியம்மாள் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு பொட்டலம் அவள் கையில் மிஞ்சியது.

"பேச்சி எங்கட்டி?"

யாருக்கும் தெரியவில்லை. கழிப்பறை வாசலில் ஆண்களும் நின்றதால் கூச்சப்பட்டு, புல்மேட்டுப் பக்கம் ஒதுங்கப் போனதாக ஒருத்தி சொன்னாள். தனியாகவா? தனியாகத்தான். எந்தப் பக்கம்? அவள் கை காட்டிய பக்கமெல்லாம் வெள்ளை.

சசி சாலையோடு கீழே ஓடினான். நான் டிரைவர் சீட்டில் ஏறி ஹார்னை அழுத்தினேன். அழுத்திவிட்டுக் காது கொடுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். எங்கேயோ ரொம்ப தூரத்திலிருந்து, "அண்ணாச்சீ..." என்று வந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பியது. "கேட்டீங்களா? என் ஹார்ன் கூப்பிட்டா வராம இருப்பாளா?" என்று பெண்களிடம் சொன்னேன். பனிக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சாலைப் பக்கம் என்று நினைத்தேன். அழுத்தினேன். குரல் கிட்டத்தில் வந்தது. இன்னும் அழுத்தினேன். இன்னும் கிட்டத்தில். கையை எடுக்காமல் மனதுக்குள் வேண்டினேன். 'பழவங்காடி கணபதியே, என்னை நம்பி வந்த பொம்பளை. இவளை நல்லபடியா என் கையில சேத்திரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.'

அப்படி வேண்டி முடித்த அடுத்த அழுத்தலில் ஹார்ன் செத்துப்போனது.

முனகக்கூட இல்லை. அடியோடு நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். வண்டி ஓடியது, விளக்கு எரிந்தது, வைப்பர் ஆடியது. ஹார்ன் மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அது என்னை ஏமாற்றியதில்லை. இறங்கிப்போய் ஒயரைப் பிடித்து இழுத்தேன், கையால் குத்தினேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன், நீங்கள் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. 'உன்கிட்ட ஆளைக் கேட்டா, இருக்கிற ஹார்னையும் பிடுங்கிட்டியே! இதுக்குத்தான் காலையில தேங்காய் உடைச்சேனா?' என்று வாய்விட்டே கத்தினேன்.

மாரியம்மாள் அழுதுகொண்டே, "சாமியைத் திட்டாதீய அண்ணாச்சி, நாங்க கூப்பிடுதோம்" என்று வாயைக் குவித்தாள்.

அந்த நேரம் கீழேயிருந்து காற்று வந்தது. திரைச்சீலையை ஒருவர் பிடித்து விலக்கினால் எப்படி இருக்கும்? அப்படி. எங்களுக்கு நேர் எதிரே பனி பிளந்தது. பேச்சியம்மாள் நின்றாள்.

அவள் நின்றது சாலையில் இல்லை. சாலை அந்த இடத்தில் லாடம் மாதிரி வளைகிறது. வளைவின் அந்தப் பக்கம் ஒரு புல்மேடு. இந்தப் பக்கம் எங்கள் வண்டி. நடுவில் பள்ளம். தெளிந்த நாளில் எட்டிப் பார்த்தாலே கால் கூசும். அவள் அந்தப் புல்மேட்டின் விளிம்புப் பாறையில், எங்களைப் பார்த்து நின்றாள். பள்ளத்துக்குள் பனி தேங்கி அவள் காலடி வரைக்கும் தரை மாதிரிப் பரந்து கிடந்தது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு மைதானம் இருப்பதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். தலையைச் சாய்த்து, அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நேரம் நான் அவளை வண்டிக்குக் கூப்பிடவில்லை. பள்ளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாரியம்மாள் கத்த வாயெடுத்தாள். அதற்குள் கீழே தேடப் போயிருந்த சசி திரும்பி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினான். "ஒச்ச வைக்கல்லே சேச்சி! நடுவுல கொக்கயாணு!" சத்தம் போடாதே, நடுவில் பள்ளம் என்கிறான். அவனுடைய மலையாளம் அந்தப் பெண்களுக்கு என்ன புரிந்ததோ, அத்தனை பேரும் கல்லாகிவிட்டார்கள். 'வராதே' என்று கத்தினாலும் அவள் காதில் விழப்போவது என் குரல்தான். சத்தத்தைப் பார்த்து வா என்று சொன்னவன் நான். அவள் வந்துவிடுவாள். அவள் பாதம் ஒருமுறை முன்னால் அசைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் நடுச்சாலையில் உட்கார்ந்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. இரண்டு கையையும் தரையில் அழுத்திக் காட்டினேன். என்னைப் பார்த்து சசி உட்கார்ந்தான். மாரியம்மாள் உட்கார்ந்தாள். பீடிக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக, ஈரச் சாலையில், புதுச்சேலையோடு, மூச்சுவிடாமல் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் எங்களை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளும் அந்தப் பாறையிலேயே மெதுவாகக் குந்தினாள். குந்தி, எங்களைப் போலவே இரண்டு கையையும் கீழே ஊன்றினாள்.

பனி திரும்பவும் மூடியது. அவ்வளவுதான் கணபதி திறந்து காட்டியது. போதுமான அளவு, அதற்கு மேல் ஒரு கண் இமைப்புகூட இல்லை.

நானும் சசியும் வளைவைச் சுற்றிப்போய், புல்மேட்டில் ஏறி, கடைசித் தூரத்தை உட்கார்ந்தபடியே நகர்ந்து அவளை எட்டினோம். அவள் கையைப் பிடித்தது நான். குளிர்ந்திருந்தது. பின்னாலேயே இழுத்து சாலைக்குக் கொண்டுவந்தோம்.

அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. "நீங்க சொன்ன மாதிரிதான் வந்தேன் அண்ணாச்சி. சத்தம் திடீர்னு நின்னுட்டு. எங்க வரணும்னு தெரியல, அதான் அப்படியே நின்னேன்" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க எல்லாரும் என்னத்துக்கு ரோட்டுல உக்காந்தீய?" என்று கேட்டாள்.

மாரியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "சாதம் ஆறிப்போச்சு, முதல்ல தின்னு மூதேவி" என்று பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

மலை இறங்கினோம். மலையடியில் கல்லாற்றுக்கு வந்தபோது குறுக்கே ஒரு நாய் ஓடியது. சசி பழக்கத்தில் ஹார்னை அழுத்திவிட்டான். அடித்தது. எப்போதும் போல முழுத் தொண்டையில் அடித்தது. வண்டிக்குள் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சசி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துக்கொண்டான். நான் இறங்கிப்போய் ஹார்னைத் தொட்டுப் பார்த்தேன்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, பனியில் ஈரம் ஏறியிருக்கும், காய்ந்ததும் சரியாகியிருக்கும் என்றான். சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை மழையிலும் ஏறாத ஈரம், அந்த நிமிஷம் பார்த்து ஏற வேண்டும் என்று அதற்குச் சொன்னது யார்? நான் ஆளைச் சேர்த்துக்கொடு என்று கேட்டேன். அவர் சேர்த்துக் கொடுத்தார். நான் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வேலையை முடித்துவிட்டிருந்தார். பக்தர்களே, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வார்த்தை வராது. எனக்கு வார்த்தை வராதது எவ்வளவு பெரிய அதிசயம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

அந்த ஹார்னை மறுநாளே கழற்றிவிட்டேன். இப்போது என் வண்டிகளில் ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. பனியில் வழி தவறினால் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே உட்காருங்கள். நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். பெண்கள் ஒதுங்கப் போனால் துணையோடு போங்கள், அதில் வெட்கமே வேண்டாம். மத்தியானத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மலையில் பனி என்று தெரிந்தால் கல்லாற்றோடு வண்டியைத் திருப்பிவிடுவேன், யார் சண்டை போட்டாலும் சரி. முன்பெல்லாம் திருப்பியதே இல்லை.

உங்களுக்கும் சொல்கிறேன். வேண்டிக்கொண்டே இருக்கும்போது கையிலிருந்தது நின்றுபோனால், என்னைப் போல அவரைத் திட்டாதீர்கள். அவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்று நமக்குத் தெரியாது. நம்பிக் கொஞ்சம் உட்காருங்கள். பழவங்காடிக்கு வாருங்கள், ஒரு தேங்காய் உடையுங்கள், உங்கள் பாரத்தை அவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். தம்பானூரில் நாங்கள் வண்டி போடும் இடத்தில் வேன்காரர்கள் சேர்ந்து இப்போது ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். மேலே 'கணபதி துணை'. அதற்குக் கீழே தமிழிலும் மலையாளத்திலும், 'பனியில் வழி தவறினால் நின்ற இடத்தில் உட்காரவும்.' நல்ல விஷயம். ஆனால் இதை யார் சொன்னது என்று ஒரு எழுத்து இல்லை. ஹார்னை நிறுத்தியது கணபதி, பனியை விலக்கியது கணபதி, அதில் எனக்குப் பங்கு கேட்கவில்லை. நடுச்சாலையில் முதலில் உட்கார்ந்தது இந்த வேலாயுதம். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தது வேலாயுதம். வேன் சங்கத்துக்காரர்கள் இதைப் படித்தால், கணபதியின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட வேண்டும். அவர் பெயரைவிடச் சின்னதாக எழுதினால் போதும். ஆனால் சாலைக்கு எதிர்ப்புறத்தில் நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும்.